இரவல் வாள் விரித்த எல்லை
ஆற்காட்டு நவாபும் கரிசல் சீமைப் பாளையங்களும்

பிறர் நிலத்தின்மீது கண் வைத்த அரசர் எவரும், ஆசையினால் வந்தேன் என்று சொல்லிப் படை நடத்தியதாக வரலாறு இல்லை. பழைய உரிமை என்பர். வரவேண்டிய திறை என்பர். குடிகளின் அமைதியைக் காக்க வந்தோம் என்பர். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆற்காட்டு நவாபு முஹம்மது அலி வாலாஜா திருநெல்வேலிச் சீமைக்குள் படை அனுப்பியபோது சொல்லப்பட்ட காரணமும் திறை பாக்கியே ஆகும். அந்தப் பாக்கியை வசூலிக்கப் புறப்பட்ட படை, 46 ஆண்டுகளுக்குப் பின்னர் நவாபின் நாட்டையே வசூலித்துக்கொண்டு ஓய்ந்தது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

இவ்வரலாறு நடந்த இடம் நமக்குத் தொலைவானதன்று. கோவில்பட்டியை நடுவாக வைத்துப் பார்த்தால் கிழக்கே எட்டயபுரம், தெற்கே கயத்தாறு, தென்கிழக்கே ஒட்டப்பிடாரத்தை அடுத்துப் பாஞ்சாலங்குறிச்சி, வடக்கே ஏழாயிரம்பண்ணை, எட்டயபுரத்துக்கும் அப்பால் நாகலாபுரம். இன்று பேருந்துப் பலகைகளில் நாம் படிக்கும் இப்பெயர்கள் ஒவ்வொன்றும் அன்று ஒரு பாளையத்தின் பெயராகவோ, ஒரு தூக்குமரம் நின்ற இடத்தின் பெயராகவோ இருந்தன.

இதனை நாம் எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கட்டபொம்மன் வரலாற்றைப் படிக்கின்றனர். அதில் ஆற்காட்டு நவாபின் பெயர் வருகிறது. "அந்த நவாபு நம்மவரா, நம் நாட்டின் பகைவரா?" என்று அவர்கள் வினவும்போது பெரியவர்கள் சிலர் பெருமையோடு ஒரு விடையும், வேறு சிலர் கூச்சத்தோடு மறு விடையும் தருகின்றனர், பலர் பேச்சை மாற்றிவிடுகின்றனர். பெருமையும் கூச்சமும் விடையாகா. நடந்ததை நடந்தவாறு அறிந்து, நீதியின் தராசில் நிறுத்துச் சொல்வதே விடையாகும்.

கரிசலும் பாளையமும்

கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அந்த ஈரத்தை வானம் தர வேண்டும். தாமிரபரணிக் கரையில் வயலும் வாய்க்காலும் இருந்தன. இங்கோ கண்மாயும் ஊருணியும் மட்டுமே இருந்தன. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்க்காமல் பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். பொய்த்தால் மாட்டுக்குக் கூடத் தட்டை மிஞ்சாது. மானாவாரி விவசாயம் என்பது ஆண்டுதோறும் வானத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். 1901இல் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டதும், இம்மண்ணின் பருத்தியையும் தானியங்களையும் மழையின் போக்கையும் ஆராய வேண்டியிருந்தது என்பதனாலேயே.

இத்தகைய நிலத்தை ஆண்ட முறைதான் பாளையம். 16ஆம் நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் ஆட்சியை நிறுவிய விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பகுத்தனர் என்பது மரபு. மேற்கே மலையடிவாரத்தில் மறவர் பாளையங்களும், கிழக்கே கரிசல் காட்டில் நாயக்கர் பாளையங்களும் அமைந்தன. பாளையக்காரர் குடிகளிடம் வரி தண்டுவார், காவல் காப்பார், வழக்குத் தீர்ப்பார், மேலரசர் அழைத்தால் படையோடு செல்வார், திறை செலுத்துவார். மழை பொய்த்த ஆண்டில் குடிகள் பாளையக்காரருக்குத் தர இயலாது. பாளையக்காரர் மதுரைக்குத் தர இயலாது. நாயக்க அரசர்களுக்கு இந்நிலத்தின் இயல்பு தெரியும். திறை குறைவதைக் கலகம் என்று அவர்கள் உடனே பெயரிட்டுவிடவில்லை. பேசித் தீர்க்கவும், பொறுத்து வாங்கவும் அம்முறையில் இடமிருந்தது.

பாளையக்காரர்களை நாம் புனிதர்களாக்க வேண்டியதில்லை. ஒருவர் எல்லையில் மற்றவர் புகுவதும், காவல் பணம் என்று அடுத்த ஊரில் தண்டுவதும், ஆநிரை கவர்வதும் அவர்களிடையே வழக்கமே. எனினும் அவர்களுடைய அரண்மனைகள் தமிழுக்கு நிழல் தந்தன என்பதை நாம் மறத்தலாகாது. நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் காவியமாகப் பாடிய உமறுப்புலவர், எட்டயபுரம் அரண்மனையின் புலவராய் விளங்கிய கடிகைமுத்துப் புலவரிடம் பயின்றவர். அவருக்குப் பின் அந்த அவையிலேயே அமர்ந்தவர். சீறாப்புராணம் தந்த அப்பெரியார் அடங்கியிருப்பதும் எட்டயபுரத்து மண்ணிலேதான். ஒரு நாயக்கர் பாளையம், ஒரு முஸ்லிம் புலவருக்கு அவைக்களத்தில் இடம் தந்தது. இந்த நிலத்தின் பழைய உறவுமுறை அத்தகையது.

நவாபின் உரிமை எங்கிருந்து வந்தது?

1736இல் நாயக்கர் ஆட்சி முடிந்தது. அரசி மீனாட்சியின் காலத்தில் நேர்ந்த வாரிசுப் பூசலில் தலையிட்ட சந்தா சாஹிபு திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றினார். 1741இல் மராட்டியர் அவரைச் சிறைப்பிடித்து அக்கோட்டையைக் கொண்டனர். 1743இல் ஹைதராபாத் நிஜாம் ஆசஃப் ஜா அதனை மீட்டார். அவரால் ஆற்காட்டின் ஆட்சிப் பொறுப்பில் அமர்த்தப்பட்ட அன்வருத்தீன் கான், 1749இல் ஆம்பூர்ப் போரில் உயிரிழந்தார். அவருடைய மகன் முஹம்மது அலி திருச்சிக்கு ஓடி, அங்கே முற்றுகைக்குள் அடைபட்டார். சந்தா சாஹிபுக்குப் பிரெஞ்சுக்காரரும் முஹம்மது அலிக்கு ஆங்கிலேயரும் துணை நின்றனர். 1752இல் சந்தா சாஹிபு கொல்லப்பட்டதோடு முஹம்மது அலியின் கை ஓங்கியது.

முஹம்மது அலி கம்பெனியை நம்பியதற்குக் காரணம் இருந்தது. 1746இல் சென்னையை அடுத்த அடையாற்றங்கரையில் அவருடைய தமையன் மஹ்பூஸ் கான் பெரும்படை ஒன்றோடு நின்றார். எதிரே பிரெஞ்சுத் தரப்பில் பயிற்சி பெற்ற சில நூறு வீரர் மட்டுமே வந்தனர். ஒழுங்காக அணிவகுத்துச் சுட்ட அச்சிறுபடையின் முன் குதிரைப்படை சிதறியது. அன்று முதல் தென்னாட்டு அரசர்கள் ஒரு பாடம் கற்றனர். ஐரோப்பியப் பயிற்சி பெற்ற படை யாரிடம் உண்டோ அவர் வெல்வார் என்பதே அப்பாடம். ஆனால் கற்ற பாடத்திலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. அத்தகைய படையைத் தாமே உருவாக்குவது ஒரு வழி. மைசூரில் ஹைதர் அலி அதனைத் தேர்ந்தார். படையை இரவல் வாங்குவது மற்றொரு வழி. முஹம்மது அலி அதனைத் தேர்ந்தார்.

இரவலுக்கு வாடகை உண்டல்லவா? திருச்சி முற்றுகையின் செலவை நவாபு கம்பெனிக்குத் தர வேண்டும். ஆற்காட்டுச் சீமை போரினால் பாழ்பட்டுக் கிடந்தது. எனவே நவாபின் பார்வை தெற்கே திரும்பியது. நாயக்கரின் இடத்தில் தாமே இருப்பதால் நாயக்கருக்கு உரிய திறை தமக்கே உரியது என்று அவர் கொண்டார். அந்தத் திறையைக் கொண்டு கம்பெனிக் கடனை அடைப்பது அவர் திட்டம். திறையை வாங்கி வருவதற்கும் கம்பெனிப் படையே தேவைப்பட்டது. அதற்கும் செலவு உண்டு. அச்செலவும் கடனில் ஏறியது. இந்தச் சுழலை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னர் நடந்தவை யாவும் விளங்கும்.

1755: முதல் படையெடுப்பு

1755ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கர்னல் ஹெரான் தலைமையில் ஐரோப்பியர் 500 பேரும் சிப்பாய்கள் 2,000 பேரும் திருச்சியிலிருந்து புறப்பட்டனர். நவாபின் சார்பில் மஹ்பூஸ் கான் உடன் வந்தார். மதுரை எதிர்ப்பின்றிப் பணிந்தது. கோவில்குடியில் தெய்வத் திருமேனிகள் கொள்ளையிடப்பட்டன. திருநெல்வேலிச் சீமைக்குள் வந்த படை கரிசல் பாளையங்களில் திறை கேட்டது. உடனே தர இயலாத இடங்களில் பிணையாட்களைப் பிடித்தது. மேற்கே நெல்கட்டும்செவலில் புலித்தேவர் பணிய மறுத்தார். அந்தக் கோட்டையை ஹெரானால் வெல்ல இயலவில்லை. திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர் குடியினர் படையை மறித்துத் தாக்கித் தம் தெய்வத் திருமேனிகளை மீட்டனர். கம்பெனியே பின்னர் ஹெரானை விசாரித்துப் பணிநீக்கம் செய்தது.

பிறர் வணங்கும் திருமேனியைக் கொள்ளைப் பொருளாக்கிய படைக்கு நவாபின் கொடி நிழலாயிருந்தது என்பதை நாம் மறைப்பதற்கில்லை. கொள்ளையிட்டவன் கம்பெனித் தளபதியே. நவாபின் கட்டளை அதற்கு இருந்ததென்று சொல்வதற்கில்லை. ஆயினும் எவர் பெயரால் படை நடந்ததோ அவர் பெயரிலேதான் பழியும் எழுதப்படும். இரவல் படையின் முதல் தீங்கு இதுவே. அதன் ஒழுக்கம் அழைத்தவர் கையில் இராது. அதன் அவப்பெயர் மட்டும் அவரைச் சேரும்.

மஹ்பூஸ் கானின் கதை இன்னும் வியப்பானது. திருநெல்வேலியில் தம் தம்பியின் பொருட்டு வரி தண்ட அமர்த்தப்பட்ட அவர், தண்டவும் இயலாமல், படைக்குக் கூலி கொடுக்கவும் இயலாமல் தவித்தார். 1757க்குள் அவரே புலித்தேவர் முதலிய பாளையக்காரர்களோடு சேர்ந்து தம்பியையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றார். நவாபின் சொந்தத் தமையனே பாளையக்காரர் அணியில் நின்ற பின்னர், இப்போரை ஒரு சமயத்தாருக்கும் மற்றொரு சமயத்தாருக்கும் நடந்த போர் என்று சொல்வதற்கு இடமேது? இது திறைக்கும் நிலத்துக்கும் நடந்த போர்.

கான் சாஹிபு

இப்போரின் நடுவில் எழுந்து நிற்கும் மனிதர் முஹம்மது யூசுப் கான். இராமநாதபுரம் சீமையில் பனையூரில் வேளாளர் குடியில் பிறந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவி, கம்பெனியின் சிப்பாய்ப் படையில் உயர்ந்து தளபதியானவர். 1756இல் அவர் திருநெல்வேலிச் சீமைக்கு அனுப்பப்பட்டார். ஹெரானால் இயலாததை அவர் செய்து முடித்தார். 1761இல் நெல்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் அவர் கையில் விழுந்தன. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சி அவரிடம் இருந்த சில ஆண்டுகளில் வழிப்பறி அடங்கியது. வரி ஒழுங்காக வந்தது. மதுரைக் கோயிலுக்குரிய மானியங்களை அவர் காத்தார் என்று அவ்வூரார் நினைவில் வைத்திருக்கின்றனர்.

இவ்வளவு திறமை நவாபுக்கு அச்சத்தைத் தந்தது. கம்பெனியோ யூசுப் கானை நவாபின் கீழ் அடங்கியிருக்கச் சொன்னது. அவர் உடன்படாமல் 1763இல் மதுரைக் கோட்டையில் தனிக்கொடி ஏற்றினார். முதல் முற்றுகை தோற்றது. மறு முற்றுகையில் கோட்டையின் உணவு குறைந்தது. உள்ளிருந்தோரே அவரைக் காட்டிக்கொடுத்தனர். தொழுகையில் இருந்த வேளையில் பிடிக்கப்பட்டார் என்பது வழிவழி வரும் செய்தி. 1764 அக்டோபர் 15ஆம் நாள் நவாபின் ஆணைப்படி அவர் தூக்கிலிடப்பட்டார். மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் ஜியாரத்துச் செய்யப்படுகிறது. 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்துத் தந்துள்ளார். நாட்டுப்புற மக்கள் ஒரு முஸ்லிம் தளபதியைப் பாட்டுடைத் தலைவனாக்கி வைத்திருந்தனர் என்பது நினைக்கத் தக்கது.

நவாபின் எல்லையைத் தெற்கே விரித்தவர் யூசுப் கான். அவரைத் தூக்கிலிட்டவர் அதே நவாபு. தமக்கென ஒரு தமிழ்ப் படையையும் அதனை நடத்த வல்ல ஒரு தளபதியையும் பெற்றிருந்த ஒரே வாய்ப்பை அன்று வாலாஜா தம் கையாலேயே அழித்துக்கொண்டார். அதன் பின்னர் அவருக்கு எஞ்சியது இரவல் வாள் ஒன்றே.

கடனால் சுருங்கிய நாடு

முஹம்மது அலி வாலாஜாவைச் சிறியவராகக் காட்டுவது நம் நோக்கமன்று. அவர் கல்வியைப் போற்றியவர். லக்னோவின் ஃபரங்கி மஹல் மரபில் வந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலி அவர்களைச் சென்னைக்கு வரவழைத்து ஆதரித்தவர். திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசல் அக்குடும்பத்தின் நற்பணி. 1763இன் பாரிஸ் உடன்படிக்கை அவரை நவாபு என ஏற்றது. 1765இல் தில்லிப் பேரரசரின் ஃபர்மான், நிஜாமுக்குக் கட்டுப்படாத தனி அரசராக அவரை உயர்த்தியது. வெளியே பார்த்தால் அவருடைய பெயரும் எல்லையும் வளர்ந்தன.

உள்ளே கடன் வளர்ந்தது. 1763இல் செங்கல்பட்டுச் சீமை கம்பெனிக்கு ஜாகீராகப் போயிற்று. 1772இல் கம்பெனிப் படை இராமநாதபுரத்தையும் சிவகங்கையையும் நவாபுக்காகப் பிடித்தது. காளையார்கோயிலில் முத்துவடுகநாதத் தேவர் வீழ்ந்தார். சிவகங்கைக்கு உசேன்நகர் என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. எட்டே ஆண்டுகளில், ஹைதர் அலியின் துணையோடு வேலுநாச்சியார் தம் நாட்டை மீட்டபோது அப்பெயர் உதிர்ந்தது. ஒரு முஸ்லிம் நவாபிடம் நாட்டை இழந்த இந்து அரசிக்கு ஒரு முஸ்லிம் அரசரே துணை நின்றார் என்பதும் ஈண்டு நோக்கத் தக்கது. 1773இல் தஞ்சாவூர் நவாபிடம் வந்தது. 1776இல் கம்பெனியே அதனை மராட்டிய மன்னரிடம் திருப்பித் தந்தது. எல்லை விரிந்ததும் சுருங்கியதும் நவாபின் விருப்பப்படி அன்று.

சேப்பாக்கம் மாளிகையைச் சுற்றிக் கம்பெனி உத்தியோகஸ்தர்களே தனிப்பட்ட முறையில் நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தனர். பால் பென்ஃபீல்ட் என்பவர் அவர்களுள் முதன்மையானவர். கடனுக்கு ஈடாக ஊர்களின் வரி எழுதித் தரப்பட்டது. வட்டியை மார்க்கம் விலக்கியதன் பொருள் ஏட்டில் மட்டும் இருப்பதன்று. ஓர் அரசே வட்டியில் மூழ்கியதற்கு நம் நாட்டு வரலாறு சான்று. 1785இல் இலண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றியே நெடிய உரையாற்றினார். அந்த வட்டியை இறுதியில் கொடுத்தவர் யார்? சேப்பாக்கத்தில் இருந்தவர் அல்லர். கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவளும், கம்பங்கொல்லையில் காவல் இருந்தவனும் கொடுத்தனர்.

1781 டிசம்பரில், ஹைதர் அலியோடு போர் நடந்துகொண்டிருந்த வேளையில், கர்நாடகத்தின் வருவாய் முழுவதையும் நவாபு கம்பெனியிடம் ஒப்படைத்தார். ஆறில் ஒரு பங்கு மட்டுமே அவருக்கு. 1783இல் கர்னல் ஃபுல்லார்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிப் பிடித்தார். அங்கே கொழும்பிலிருந்த டச்சுக்காரர்களோடு பாளையக்காரர் செய்துகொண்ட உடன்படிக்கை கிடைத்தது. நவாபு ஓர் ஐரோப்பியக் கம்பெனியைத் துணைக்கு அழைத்ததால், பாளையக்காரரும் தம் தற்காப்புக்கு மற்றோர் ஐரோப்பியக் கம்பெனியை நாடினார் என்பதே அதன் பொருள். 1792இன் உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் திறை தண்டும் உரிமை நேராகக் கம்பெனிக்கே போயிற்று. மேலாட்சி என்னும் பெயர் நவாபிடம் இருந்தது. அதிகாரம் அனைத்தும் கலெக்டரிடம் இருந்தது. படைச் செலவுக்கென ஆண்டுக்கு 9 லட்சம் நட்சத்திர வராகன் தருவதற்கும் நவாபு உடன்பட்டார்.

கயத்தாறும் சேப்பாக்கமும்

வீரபாண்டிய கட்டபொம்மன் 1790இல் பாஞ்சாலங்குறிச்சியின் பொறுப்பேற்றார். இரண்டே ஆண்டுகளில் அவர் திறை செலுத்த வேண்டிய இடம் மாறிவிட்டது. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தபோது கலவரம் மூண்டது. லெப்டினண்டு கிளார்க் கொல்லப்பட்டார். 1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் கோட்டையைத் தாக்கினார். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டு நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்ட கட்டபொம்மன், அக்டோபர் 16ஆம் நாள், ஹிஜ்ரி 1214இல், கயத்தாற்றில் மற்றப் பாளையக்காரர்கள் கண்முன்னே தூக்கிலிடப்பட்டார்.

அன்று பெயரளவில் அந்த மண்ணின் மேலரசர் யார்? வாலாஜாவின் மகன் உம்தத்துல் உமரா. அவருடைய நாட்டில், அவருக்குத் திறை செலுத்த வேண்டிய குடும்பத்தின் தலைவரை, ஒரு வணிகக் கம்பெனியின் மேஜர் விசாரித்துத் தூக்கிலிட்டார். கயத்தாற்றுப் புளியமரம் கட்டபொம்மனுக்கு மட்டும் தூக்குமரமாகவில்லை. நவாபின் மேலாட்சியும் அதே கிளையில்தான் தொங்கியது.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிந்த கோட்டையை மீண்டும் எழுப்பினார். மார்ச்சு 31ஆம் நாள் மேஜர் மெக்காலேயின் தாக்குதலை அக்கோட்டை முறியடித்தது. மே 24ஆம் நாள் கர்னல் அக்னியூவின் பீரங்கிகளுக்கு அது விழுந்தது. ஊமைத்துரை மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில் மருதிருவரும் திருப்பத்தூரிலும், நவம்பரில் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர். கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்பர்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்ததற்கு 68ஆம் நாள், அதாவது 1801 ஜூலை 31இல், கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் உடைமையாயிற்று. ஜூலை 15ஆம் நாள் உம்தத்துல் உமரா மறைந்தார். திப்பு சுல்தானோடு கள்ளக் கடிதத் தொடர்பு இருந்தது என்னும் குற்றச்சாட்டைக் காட்டி, ஆட்சியை ஒப்படைக்குமாறு அவருடைய மகனைக் கம்பெனி கேட்டது. அவர் மறுத்தார். உடனே அக்குடும்பத்தில் வேறொருவரான அஜீமுத்தௌலாவை நவாபாக்கிக் கையெழுத்துப் பெற்றது. வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு என்று எழுதப்பட்டது. நாடு கம்பெனிக்கு, நவாபுக்கு ஜீவனாம்சம். பாளையக்காரருக்குக் கோட்டை போயிற்று. நவாபுக்கு நாடே போயிற்று. எடுத்தவர் ஒருவரே.

எட்டயபுரத்தின் பங்கு

1799இல் பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய பாளையங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. கம்பெனிக்கு உதவியவர்களுக்கு இந்நிலங்களிலிருந்து பங்கு கிடைத்தது. எட்டயபுரம், மணியாச்சி, மேல்மாந்தை முதலிய பாளையங்கள் பெற்றவர் வரிசையில் இருந்தன. 1803இல் பாளையங்கள் நிரந்தரத் தீர்வையின்கீழ் ஜமீன்களாயின. எட்டயபுரம் பெரிய ஜமீனாயிற்று.

1959இல் வெளிவந்த திரைப்படத்துக்குப் பின்னர் 'எட்டப்பன்' என்னும் சொல் தமிழ்நாடு முழுவதும் காட்டிக்கொடுப்போரைக் குறிக்கும் வசைச்சொல்லாய்விட்டது. வீட்டில் சிறுவர் சண்டையில்கூட அச்சொல் வருகிறது. நடந்ததை நாம் மறுக்கவில்லை. எட்டயபுரத்துப் படை கம்பெனிக்கு உதவியது, நிலமும் பெற்றது. ஆயினும் ஏன் உதவியது என்று கேட்பது நீதி. அருங்குளம், சுபலாபுரம் போன்ற எல்லையோர ஊர்களின் உரிமை பற்றி இரு பாளையங்களுக்கும் இடையே நெடுநாள் பகை இருந்தது. அண்டை வீட்டான்மீது கொண்ட அச்சம், அயலான் தந்த அடைக்கலத்தை இனிதாக்கியது. நவாபு பாளையங்களை அடக்கக் கம்பெனியை அழைத்தார். எட்டயபுரம் பாஞ்சாலங்குறிச்சியை அடக்கக் கம்பெனியை நாடியது. அளவில்தான் வேற்றுமை, இயல்பில் இரண்டும் ஒன்றே. ஒன்றை மட்டும் பழித்து மற்றொன்றை மறப்பது நியாயமாகாது. உமறுப்புலவரையும் பின்னர் பாரதியாரையும் தந்த ஊரின் பெயர் ஒரு வசைச்சொல்லாக மட்டும் எஞ்சுவதும் முறையன்று.

கடல் கடந்த ஒரு சான்று

இவ்விதி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கீழ்த்திசையில் வியட்நாமிய அரசு நூற்றாண்டுக் கணக்கில் தெற்கு நோக்கி விரிந்தது. வழியில் இருந்த சம்பா நாடு சிறுகச் சிறுகத் தேய்ந்தது. கெமர் மக்களின் மீகாங் கழிமுகமும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அவர்கள் கைக்கு மாறியது. 1832இல் மின் மாங் என்னும் பேரரசர் சம்பாவின் எஞ்சிய பகுதியையும் விழுங்கினார். அந்தச் சாம் மக்களில் முஸ்லிம்கள் பலர். மறு ஆண்டே அவரை எதிர்த்து எழுந்தவர் காத்திப் சுமாத் என்னும் சமய ஆசான். அப்பெயரின் முன்னிருப்பது நம் பள்ளிவாசல்களில் வழங்கும் 'கத்தீபு' என்னும் சொல்லே. அக்கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. பின்னர் மின் மாங் கம்போடியாவையே தம் மாகாணமாக்க முனைந்தார். அரசி ஆங் மேய் பெயருக்கு அரியணையில் இருந்தார். உடையும் நிருவாகமும் வியட்நாமிய முறைக்கு மாற்றப்பட்டன. 1840இல் கெமர் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1841இல் மின் மாங் மறைந்தபின் படை பின்வாங்கியது.

மின் மாங் இரவல் படையால் போரிட்டவர் அல்லர். ஆயினும் அவர் விதைத்த அச்சம் நிலைத்தது. ஒருபுறம் சயாம், மறுபுறம் வியட்நாம் என்று நெருக்குண்ட கம்போடிய அரசர் நொரோதம், 1863இல் பிரெஞ்சுக்காரரின் பாதுகாப்பை ஏற்றார். அதற்கு முந்தைய ஆண்டே வியட்நாம், மீகாங் பகுதியில் மாகாணங்களைப் பிரெஞ்சுக்காரரிடம் இழந்திருந்தது. கெமரிடமிருந்து கொண்ட நிலம் கொண்டவரிடமும் தங்கவில்லை. விரித்தவரும் விரிவுக்கு ஆளானவரும் ஒரே அயலாட்சியின்கீழ் வந்தனர். பாஞ்சாலங்குறிச்சியும் ஆற்காடும் அடைந்த முடிவு இதுவே அன்றோ!

விடை

அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்த அறிஞர் இப்னு கல்தூன், குடிகளின் உடைமைமீது செய்யும் கொடுமை நாட்டின் வளத்தை அழித்து அரசையும் அழித்துவிடும் என்று விரிவாக விளக்கினார். வரியை மிகுதியாக்கினால் உழைப்பவன் கை தளரும். உழைப்பவன் கை தளர்ந்தால் கருவூலம் வறளும். கரிசல் காட்டில் நிகழ்ந்தது அதுதான். மழையை நோக்கி வாழும் மண்ணிடம், வட்டிக் கணக்கை நோக்கி வாழும் அரசு திறை கேட்டது. கேட்டது கிடைக்காதபோது பீரங்கி வந்தது. பீரங்கிக்கு வாடகை ஏறியது. வாடகைக்காக மீண்டும் திறை.

ஆகவே, நவாபு நம்மவரா என்று பிள்ளைகள் கேட்டால், தயங்காமல் விடை சொல்லலாம். அவர் தொழுத திசை நம் திசையே; அவர் போற்றிய கல்வி நாம் போற்றும் கல்வியே. ஆனால் அண்டையாரின் நிலத்தில் இரவல் படையைக் கொண்டு புகுந்த செயலில் அவர் நம்மவர் அல்லர். கட்டபொம்மன் நம் பள்ளிவாசலில் தொழுதவர் அல்லர். எனினும் தம் மண்ணில் நின்று அயலாருக்குத் தலைவணங்காத செயலில் அவர் நம்மவரே. யூசுப் கான் இரு பக்கமும் நின்றவர். புலித்தேவரின் கோட்டையை இடித்த கையும் அவருடையதே, மதுரையில் தனிக்கொடி ஏற்றிய கையும் அவருடையதே. சாட்சி சொல்லும்போது உறவும் பகையும் குறுக்கே நிற்கலாகாது என்று நாம் மதரஸாவில் படித்ததும் படிப்பிப்பதும் வழக்கு மன்றத்துக்கு மட்டும் உரிய பாடமன்று. வரலாறும் ஒரு சாட்சியமே.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்களும் ஒழிந்தன. இன்று பாஞ்சாலங்குறிச்சியில் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை இருக்கிறது. கயத்தாற்றில் சிலை இருக்கிறது. எட்டயபுரத்தில் உமறுப்புலவரின் அடக்கத்தலமும் மணிமண்டபமும் இருக்கின்றன. மூன்றும் ஒரே பகற்பொழுதில் சென்று காணத்தக்க தொலைவில் உள்ளவை. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் மூன்றையும் காட்டட்டும். இடையில் விரிந்து கிடக்கும் கரிசல் காட்டையும் காட்டட்டும். அத்தனை போருக்கும் கூலி கொடுத்தது அந்த மண்தான்.